ஸ்டென்டா, மாத்திரையா: அவசரமில்லாத நெஞ்சு வலிக்கு எது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்து, வியர்த்துக் கொட்டி, ஈசிஜி மாறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவருக்கு இந்த அலசல் பொருந்தாது. அவருக்கு அடைபட்ட ரத்தக்குழாயைச் சீக்கிரம் திறந்தாக வேண்டும், குழாயை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் அங்கே உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஓய்வில் இருக்கும்போதே வலிக்கிறது, சில நாளாக வலி கூடிக்கொண்டே போகிறது என்பவர்களும் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

நான் பேசுவது வேறு மாதிரி நோயாளிகளைப் பற்றி. மாடிப்படி ஏறினால் நெஞ்சை இறுக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும், மாதக்கணக்கில் அதே அளவில்தான் இருக்கும். அல்லது வலியே கிடையாது, ஹெல்த் செக்கப்பில் ட்ரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது, அவ்வளவுதான். இவர்களுக்கு ஸ்டென்ட் வைப்பதா, மாத்திரையோடு ஓட்டுவதா என்பதுதான் இதயவியலில் இருபது வருடத்துக்குப் பக்கமாக நடக்கும் சண்டை.

நம் ஊரில் இந்தச் சண்டை பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இதய ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவுக்காக அப்பா கேத் லேப் மேஜையில் படுத்திருப்பார், மகனை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டுவார்கள். “இங்க பாருங்க, தொண்ணூறு பர்சென்ட் அடைப்பு. இப்பவே வெச்சிடலாமா, இல்ல இன்னொரு நாள் மறுபடி வரீங்களா?” கறுப்புக் கோடு ஒரு இடத்தில் நூலாக இளைத்திருப்பது மகனுக்கே தெரிகிறது. யார்தான் வேண்டாம் என்பார்? கையெழுத்துப் போட்டுவிடுவார். டாக்டர் பொய் சொல்லவில்லை, அடைப்பு இருப்பது நிஜம். ஆனால் அதை விரித்துவிட்டால் அப்பாவின் ஆயுள் கூடுமா என்ற கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

கேட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டு. 2007-ல் வந்த கரேஜ் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,287 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டென்ட்டும் மாத்திரையும், மறு பாதிக்கு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். நாலரை வருடத்துக்குப் பிறகு மரணம் அல்லது மாரடைப்பு ஸ்டென்ட் பக்கம் 19 சதவீதம், மாத்திரைப் பக்கம் 18.5 சதவீதம். அதாவது வித்தியாசம் இல்லை. “பழைய ஸ்டென்ட், லேசான கேஸ்கள்” என்று எதிர்ப்பு வந்தது, அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதனால் இன்னும் பெரிதாக இஸ்கீமியா என்று ஓர் ஆய்வு நடந்தது. 37 நாடுகள், 5,179 பேர், இந்தியாவிலிருந்தும் நிறையப் பேர். டெஸ்டில் இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் இருப்பது மிதமாகவோ கடுமையாகவோ தெரிந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். 2019 நவம்பரில் முடிவைச் சொன்னார்கள். சராசரியாக மூன்று வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில், உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்று போனவர்களில் 145 மரணம், முதலில் மாத்திரை என்று இருந்தவர்களில் 144.

எப்படி இப்படி? நம் மனசில் இருக்கும் படம் குழாயில் அடைப்பு, குத்திவிட்டால் தண்ணீர் ஓடும் என்பது. இதயம் அப்படி நடந்துகொள்வதில்லை. பல மாரடைப்புகள் பெரிய அடைப்பில் வருவதில்லை, ஆஞ்சியோவில் சாதாரணமாகத் தெரியும் ஒரு கொழுப்புப் படிவம் திடீரென்று வெடித்து அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. ஸ்டென்ட் சில சென்டிமீட்டர் நீளமே உள்ள ஓர் இடத்தைச் சரிசெய்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எல்லா ரத்தக்குழாய்களிலும் உள்ள படிவங்களைக் கெட்டிப்படுத்துகிறது. ஸ்டென்ட் வைத்தவரும் அந்த மாத்திரையை விட முடியாததற்குக் காரணம் இதுதான்.

சரி, அப்படியானால் ஸ்டென்ட் வீணா? இல்லை. வலி என்று வந்தால் கதை மாறுகிறது, எனக்கு இந்த விவாதத்தில் பிடித்த பகுதியும் இதுதான். “ஸ்டென்ட் வைத்ததும் நெஞ்சு வலி போயிடுச்சு” என்று சொல்பவர்களை நமக்கெல்லாம் தெரியும். அது ஸ்டென்ட்டின் வேலையா, வைத்தாயிற்று என்ற நம்பிக்கையின் வேலையா? பிரிட்டனில் ராஷா அல்-லாமி தலைமையில் ஒரு குழு இதைச் சோதித்தது. 2017-ல் வெளியான ஆர்பிட்டா ஆய்வு. 200 நோயாளிகள், ஒரே ஒரு குழாயில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு. எல்லோரையும் கேத் லேபுக்குக் கொண்டுபோய், காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போட்டு, மயக்க மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு எதுவும் வைக்கவில்லை, குறைந்தது 15 நிமிடம் மேஜையிலேயே படுக்க வைத்துவிட்டு வெளியே அனுப்பினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு பார்த்துக்கொள்ளும் டாக்டர்களுக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து ட்ரெட்மில்லில் ஓடவிட்டால், இரு தரப்புக்கும் இடையே 16.6 வினாடிதான் வித்தியாசம், அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்கிற அளவில்.

உலகம் முழுக்க இதயவியல் டாக்டர்கள் கொதித்தார்கள். “மூன்று, நான்கு மாத்திரை கொடுத்து வலியை முதலிலேயே அடக்கிவிட்டு, ஸ்டென்ட் என்ன செய்தது என்று கேட்டால் எப்படி?” நியாயமான கேள்வி. அதே குழு 2023-ல் ஆர்பிட்டா-2 செய்தது. இந்த முறை 301 பேர், வலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் சோதித்தார்கள். ஸ்டென்ட் தெளிவாக ஜெயித்தது. 12 வாரத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு வலியே இல்லை, போலி சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதம். ஆக வலியைக் குறைப்பது நிஜம். ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: ஸ்டென்ட் வைத்த பிறகும் 60 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் வலி மிச்சம். ஆஞ்சியோவுக்கு முன்னால் இதை யாரும் சொல்வதில்லை.

இனி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாத்திரை வழியில் உடம்பில் கை வைப்பதில்லை, பிடிக்காவிட்டால் பிறகு ஸ்டென்ட்டுக்குப் போகலாம். கரேஜில் மாத்திரைத் தரப்பில் மூன்றில் ஒருவர், இஸ்கீமியாவில் ஐந்தில் ஒருவர் அப்படிப் பிறகு போனார்கள், அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆனால் மாத்திரைகளுக்கு விலை உண்டு, நான் பணத்தைச் சொல்லவில்லை. நெஞ்சு வலிக்குக் கொடுப்பவற்றில் பீட்டா பிளாக்கர் சிலரை நாள் முழுக்கச் சோர்வாக்கும், நைட்ரேட் தலையைப் பிளக்கும், அம்லோடிபின் காலை வீங்க வைக்கும். தினமும் நடந்து வேலை செய்கிற ஒருவருக்கு இதெல்லாம் சின்ன விஷயம் கிடையாது. அவர் “எனக்கு ஸ்டென்ட்டே வையுங்கள்” என்று கேட்டால் அது நியாயமான தேர்வு. இஸ்கீமியாவிலேயே தினமும் அல்லது வாரந்தோறும் வலி இருந்தவர்களில், ஒரு வருடத்தில் வலியில்லாமல் ஆனவர்கள் ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் பாதிப் பேர், மாத்திரைப் பக்கம் ஐந்தில் ஒருவர். வலியே இல்லாதவருக்கு இந்த லாபம் எதுவும் கிடையாது. செக்கப்பில் மாட்டியவரை அன்றைக்கே அட்மிட் போடுவதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுதான் காரணம்.

ஸ்டென்ட் வழியில் நிவாரணம் சீக்கிரம். பதிலுக்கு ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும். நடுவில் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து உண்டு. அதற்குள் ஒரு குடலிறக்க ஆபரேஷன் தேவைப்பட்டால் சிக்கல்தான்: மாத்திரையை நிறுத்தவும் பயம், நிறுத்தாமல் கத்தி வைக்கவும் பயம்.

காசு விஷயம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்ற பொருள். நல்ல முடிவுதான். ஆனால் வரம்பு ஸ்டென்ட்டுக்கு மட்டும், பலூன், கதீட்டர், அறை வாடகை, டாக்டர் கட்டணம் எல்லாம் அதற்கு வெளியே. இன்சூரன்ஸ் வேறு ஒரு பக்கம் இழுக்கிறது: அட்மிஷன் ஆனால் பணம் வரும், மாதாமாதம் மாத்திரை வாங்கினால் பெரும்பாலான பாலிசியில் வராது. அப்புறம் எந்தக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும்?

சிலருக்கு இந்தக் கேள்வியே வேறு. இடது பிரதான ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் பம்பிங் மிகவும் குறைந்தவர்கள், தாங்க முடியாத வலி உள்ளவர்கள் இஸ்கீமியாவில் சேர்க்கப்படவே இல்லை, அதன் முடிவை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. சர்க்கரையோடு பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்களுக்கு 2012-ல் வந்த ஃப்ரீடம் ஆய்வின்படி ஸ்டென்ட்டைவிட பைபாஸ் மேல். நம் ஊரில் இந்த ரகம் நிறைய.

எல்லாம் பார்த்தபின் என் கட்சி: வலி கட்டுக்குள் இருந்தால் முதலில் மாத்திரை. ஆனால் இதை எழுதும்போதே ஒரு உறுத்தல். ஆய்வில் ஜெயித்த மாத்திரையும் நம் கையில் கொடுக்கப்படும் மாத்திரையும் ஒன்றல்ல. ஆர்பிட்டாவில் கேத் லேபுக்குப் போகும் முன் மருந்தை ஏற்றி இறக்கிய ஆறு வாரமும், வாரத்துக்கு ஒன்று முதல் மூன்று தடவை இதயவியல் டாக்டரே போனில் பேசினார். கரேஜில் கெட்ட கொழுப்பை 100-க்குப் பக்கத்திலிருந்து 70-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். இங்கே ஒரு சீட்டில் ஐந்து மாத்திரை எழுதி “மூணு மாசம் கழிச்சு வாங்க” என்று அனுப்புகிறோம், நோயாளி இரண்டாவது மாதமே பாதியை விட்டுவிடுகிறார், வலி கூடுகிறது, “பார்த்தீங்களா, மாத்திரை கேக்கல” என்று ஸ்டென்ட்டுக்குப் போகிறார். தமிழ்நாட்டில் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதே கைகள் ஸ்டாட்டினையும் கொடுத்து, கொழுப்பு அளவு இறங்கியதா என்று பார்த்து, தலைவலி தருகிற மாத்திரையை மாற்றியும் கொடுத்தால்தான் மாத்திரை என்ற வழியை நாம் ஒழுங்காக முயன்றதாகச் சொல்ல முடியும்.