கிண்டியா, கருப்பூரா?

இன்ஜினியரிங் கவுன்சலிங் நேரம் வந்தால் சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் யாராவது ஒரு அப்பா வந்து நிற்பார். "கட் ஆஃப் நல்லா இருக்குங்க தம்பி, கிண்டி கிடைச்சாலும் கிடைக்கும், கருப்பூர்னா வீட்டுலயே இருந்துக்கலாம், என்ன பண்றது?" நான் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் ஹாஸ்டலில் இருந்தவன், சித்தப்பா பையன் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய்வந்தவன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

பேர் என்று பார்த்தால் போட்டியே இல்லை. கிண்டி 1794-இல் சர்வே பள்ளியாக ஆரம்பித்தது, கருப்பூர் 1966. கல்யாண வீட்டில் "கிண்டி" என்றால் அடுத்த கேள்வி வராது; கருப்பூர் என்றால் "பெரியார் யுனிவர்சிட்டியா?" என்பார்கள், அதுவும் அங்கேதான் இருக்கிறது என்பதால்.

ஆனால் அந்தப் பேருக்குள் போய் வாழ்வது வேறு. ஸ்கூல் பர்ஸ்ட் என்று ஊரில் பேனரில் போட்டோ வந்தவன் நான். அங்கே போனால் எங்கள் வராண்டாவில் இருந்த பாதிப் பேருக்கு அவரவர் ஊரில் பேனர் வைத்திருந்தார்கள். முதல் இன்டர்னல் மார்க்கைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்குப் போன் பண்ணவில்லை. அப்புறம் அதே பசங்கதான் என்னைத் தூக்கிவிட்டார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி, நான் வகுப்பில் கோட்டைவிட்ட பாடத்தை ராமநாதபுரத்துக்காரன் ஒருவன் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தான், இன்றுவரை மறக்கவில்லை. குருக்ஷேத்ரா என்ற எங்கள் கல்லூரித் தொழில்நுட்ப விழாவுக்கு ஸ்பான்சர் கேட்டு முன்பின் தெரியாத கம்பெனிகளுக்குப் போன் போட்டுத்தான் பேச்சில் இருந்த கூச்சம் போனது. நடக்கும் தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஐஐடி, "அங்கே போகவில்லையே" என்ற ஏக்கத்தையும் இலவசமாகக் கொடுக்கும்!

தம்பி கதை நேர்மாறு. டவுன் பஸ், சாயங்காலம் தட்டுவடை செட், ராத்திரி அம்மா கையால் சூடாகச் சோறு. அரியர் ஒன்றுகூடக் கிடையாது, மெஸ் பில்லும் கிடையாது. ஆனால் ஆறு மணிக்கு மேல் கல்லூரியில் என்ன நடக்கிறதென்றே அவனுக்குத் தெரியாது, கூட்டாளிகளும் பழைய பள்ளிக்கூடத்துப் பசங்கதான். "நாலு வருசமும் பன்னெண்டாவது படிச்ச மாதிரியே இருந்துச்சுடா" என்று அவனே சொல்வான். அங்கேயே ஹாஸ்டலில் இருந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. தாத்தா உடம்பு முடியாமல் கிடந்த அந்த ஒரு வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தது அவன். நான் ஏற்காடு எக்ஸ்பிரஸ்ஸில் வந்து விடிகாலையில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

காசு விஷயத்தில் முன்பு இருந்த கணக்கு இப்போது இல்லை. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் 2021 முதல் படிப்புக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அப்படிப்பட்ட பிள்ளையைச் செலவுக்குப் பயந்து கருப்பூரிலேயே நிறுத்துவது சரியில்லை. மற்றவர்களுக்கு ஹாஸ்டல், மெஸ் செலவு உண்டு, தறி ஓட்டும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

என்னைக் கேட்டால், விரும்பிய பிரிவு இரண்டு இடத்திலும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கிண்டி. கிண்டி என்ற பேருக்காகப் பிடிக்காத பிரிவை எடுப்பதாக இருந்தால் வேண்டாம், கருப்பூரிலேயே பிடித்ததைப் படிக்கட்டும்.

போன வருடம் வந்தவரிடமும் இதையேதான் சொன்னேன். கூட வந்த அவர் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "வெள்ளிக்கிழமை ராத்திரி டிக்கெட் ஈசியா கிடைக்குமாண்ணா?" கிடைக்காது, முன்னாடியே போட்டுவை என்றேன்.