நோட்டா, டேப்பா, பிரச்சினைப் பட்டியலா?

நோயாளியின் குறிப்பை எதில் வைப்பது: கையால் எழுதும் நோட்டிலா, திரையில் தனித்தனி டேப்பாகப் பிரித்த மென்பொருளிலா, நோய்ப் பிரச்சினை வாரியாகப் பட்டியலிடும் மென்பொருளிலா? மூன்றையும் பார்த்துவிட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு தேவனாம்பட்டினத்து ஆயா ஒருவர் வருவார். மஞ்சப்பையிலிருந்து முதலில் வெளியே வருவது ஓரம் சுருண்ட ஒரு நோட்டு. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அதைப் பார்த்து சிரித்திருக்கிறேன்.

ஆயாவுக்கு சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி. ஒன்பது மாதத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 0.9, 1.2, 1.5 என்று ஏறியிருந்தது. அதே ஒன்பது மாதமும் வலிக்கு டைக்ளோஃபெனாக், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மாத்திரை. என் முதல் மென்பொருளில் லேப் ஒரு டேப், மருந்து ஒரு டேப், பில் ஒரு டேப். 1.5 சிவப்பில் மின்னத்தான் செய்தது. ஆனால் மருந்து டேப்பைத் திறந்தால் லேப் மறைந்துவிடும். எண்ணை மனசில் பிடித்துக்கொண்டு போவதற்குள் அடுத்தவர் கதவைத் தள்ளுவார். நோட்டைப் புரட்டியபோதுதான் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், என் கையெழுத்திலேயே, பல்லை இளித்தன. மாத்திரையை அன்றே நிறுத்தினேன்.

டேப் வகைக்கு பில்லும் மருந்து இருப்பும் கச்சிதம். எச்சரிக்கைப் பெட்டிகள்தான் தொல்லை. எதற்கெடுத்தாலும் குதித்தால், நாலாவது நாளிலிருந்து கை தானாக ஓகே தட்டுகிறது.

நோட்டுக்கு வேறு கண்டம். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது நனைந்த காகிதத்துக்கு பேக்கப் ஏது?

மூன்றாவதான பிரச்சினைப் பட்டியல், லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968-இல் எழுதி வலியுறுத்திய முறை: ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு எண், அதன் கீழேயே நோயாளி சொன்னது, நாம் பார்த்தது, கணிப்பு, திட்டம். டாக்டர் மூளையும் அப்படித்தான் ஓடுகிறது. ‘சிறுநீரகம்’ என்று திறந்தால் கிரியாட்டினினும் அதைக் கெடுக்கும் மாத்திரையும் ஒன்றாக நிற்க வேண்டும். அதே கிரியாட்டினின் அளவு சர்க்கரைக்குக் கீழேயும் தெரிய வேண்டும். இது வராத மென்பொருள் பெயருக்குத்தான் பட்டியல். பராமரிப்பும் சும்மா இல்லை. என்றைக்கோ வந்து போன தலைசுற்றலை யாரும் நீக்காமல் விட்டால், பட்டியல் பரண் மாதிரி ஆகிவிடும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் விற்க வந்த தம்பியிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். சர்க்கரையால் கால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்புக்கு ‘ஆம், இல்லை’ என்று இரண்டே பொத்தான் வைத்திருந்தார். ஆயா சொன்னதோ, “செருப்பு கழண்டதே தெரியல டாக்டரு, மணல் சுட்டப்பறம்தான் பாத்தேன்.” அதை அப்படியே தமிழில் தட்ட, பட்டியலின் தலைமாட்டில் இப்போது ஒரு கட்டம் இருக்கிறது.