சும்மா கிடைத்த காலுக்கு ஒரு விமர்சனம்

போன மாதம் என் பழைய வலது காலை வைஸில் இறுக்கி, ஹெக்சோவால் பாதத்தைக் குறுக்கே அறுத்தேன். ரியூப் ஒட்ட வந்திருந்த பெடியன் இரண்டடி பின்னால் போய் நின்றான். "பயப்பிடாதை தம்பி, இது பழசு" என்றேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் சைக்கிள் திருத்துகிற ஆள் நான். 2010இல் ஊர் திரும்பிய கையோடு காணி துப்புரவாக்கப் போய், மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே கால் போனது. அதன் பிறகு மூன்று பொய்க்கால் போட்டாயிற்று. மூன்றும் ஜெய்ப்பூர் பாதம் பூட்டியவை. ஒன்றுக்கும் ஒரு சதம் கொடுக்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மாட்டுக்குச் சரி. இது நான் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை ஏறி நிற்கிற சாமான். பல்லைப் பார்க்கத்தான் வேணும்.

முதலில் பாதம். அறுத்த பாதத்துக்குள் குதியிலும் முன்பக்கத்திலும் ஸ்பொஞ் மாதிரி றப்பர் இருந்தது. கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை. இவற்றைச் சுற்றி, தேய்ந்த ரயரில் வெளியே தெரியுமே, அதே நூல் படை. அதற்கு மேல் மண்ணிறத் தோல் றப்பர், விரல்கள் எல்லாம் வார்த்தபடி. அவ்வளவையும் அச்சுக்குள் வைத்துச் சூடாக்கி ஒன்றாக்குகிறார்கள். சூட்டு ஒட்டுப் போட்ட எவனுக்கும் விளங்குகிற தொழில். 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் சேர்ந்து உண்டாக்கியது. சைக்கிளுக்குக் காற்றுப் போய் ரயர் கடையில் நின்றபோதுதான் சர்மாவுக்கு இந்த றப்பர் யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, எனக்கு அந்தக் கதை பிடிக்கும். எங்கள் கடைகளுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

அதற்கு முன்பு இருந்த பொய்ப்பாதம் சப்பாத்துக்குள் போட்டு நடக்கிற ஆட்களுக்கென்று செய்தது. கணுக்கால் மடியாது, தண்ணீர் பட்டால் கெடும். சப்பாத்தோடு நான் எங்கே போக? தான்தோன்றீஸ்வரர் வாசலில் செருப்பைக் கழற்றினால் இந்தப் பாதத்தோடு அப்படியே உள்ளே போகலாம். கிணற்றடியில் குந்தலாம், சபையில் சம்மணம் போட்டுச் சாப்பிடலாம். முதல் தடவை குந்தி இருந்து செயின் பூட்டிய நாள், கஸ்டமர் போன பிறகும் எழும்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. பெடலில் பாதம் இருக்கிறதா வழுக்கிவிட்டதா என்று தெரியாது, ஏனென்றால் உணர்ச்சி இல்லை. என் லுமாலா சைக்கிளின் வலப் பெடலில் பழைய ரியூப்பை வார்மாதிரிப் பூட்டி வைத்திருக்கிறேன். முன்பாதம் அதற்குள் போய்விடும். நிறமும் என்னை விட இரண்டு மடங்கு வெள்ளை. "மாமான்ர ஒரு கால் கொழும்புக் கால்" என்று மருமகள் சொல்வாள். வயலில் போட்டால் விரலடியில்தான் முதலில் வெடிக்கும், என்னுடைய இரண்டும் அங்கேதான் வெடித்தன. ஆனாலும் பாதத்துக்குப் பத்துக்கு ஒன்பது.

இனி சண்டைக்குரிய பகுதி: சொக்கெட். வெட்டிய கால் நுழைகிற கூடு. பாதம் தொழிற்சாலைச் சாமான் மாதிரி எல்லாருக்கும் ஒன்றுதான். கூடு அப்படியில்லை. காலில் பிளாஸ்டர் துணி சுற்றி அச்செடுத்து, அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றி உங்கள் காலின் உருவத்தை எடுப்பார்கள். பிறகு அந்த உருவத்தைச் சீவுவார்கள், சில இடங்களில் பூசுவார்கள். அதன் மேல்தான் சூடாக்கிய பிளாஸ்டிக்கை இழுத்துப் போடுவது. எங்கே சீவுகிறார், எங்கே பூசுகிறார் என்பதில்தான் முழுக் கெட்டித்தனமும். உடம்புப் பாரம் வெட்டிய நுனியில் விழக்கூடாது. முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு தடித்த நார் ஓடுகிறது, பாரத்தில் பெரும்பங்கை அதுதான் தாங்க வேண்டும். வெளிப்பக்கம் துருத்துகிற எலும்புக்கு இடம் விட வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

முதல் கால் யாழ்ப்பாணத்தில், 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையத்தில் செய்தது. மாங்குளம் போய் பஸ் மாறிப் போக வேண்டும். இரண்டு கம்பிக்கு நடுவில் நடக்கவிட்டு, கழற்றி, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து, சூடுகாட்டித் தட்டி, திரும்பவும் நடக்கவிட்டார்கள். எனக்குச் சலிப்பாக இருந்தது. அந்தச் சலிப்பின் அருமை இரண்டாவது காலில் தெரிந்தது. அது ஒரு நடமாடும் முகாமில் கிடைத்தது. யாருடைய முகாம் என்பது வேண்டாம். காலையில் அச்சு, பின்னேரம் கால், நடுவில் பூமாலையும் படமும். படத்தில் நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன். மூன்றாம் நாள் அந்த வெளி எலும்பின் மேல் கொப்புளம், பத்தாம் நாள் புண். திரும்பக் கொண்டுபோக முகாம் அங்கே இல்லை. கடையில் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் நானே அந்த இடத்தை வெளியே தள்ளிப் பார்த்தேன். யாரும் செய்யாதீர்கள், கூடு வெடித்துப் போனது. அந்த முகாம்காரருக்கு நான் கொடுப்பது மூன்று. பாதம் நல்லது என்பதால் மூன்று. மூன்றாவது காலுக்குத் திரும்பவும் யாழ்ப்பாணம்தான் போனேன்.

வைகாசி வெயிலில் கூட்டுக்குள் வியர்வை தேங்கும். நான் பத்து மணிக்கு ஒருக்கா, இரண்டு மணிக்கு ஒருக்கா கழற்றி, துடைத்து, வெட்டிய காலில் போடுகிற மேஸை (காலுறையை) மாற்றுவேன். கடைக்கு வருகிற ஆட்களுக்கு முன்னால் கழற்ற முதலில் வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை. வயலுக்குப் போகிறவர்கள் முழங்காலுக்கு மேலே பூட்டுகிற பட்டியைக் கேட்டு வாங்குங்கள். பட்டி இல்லாமல் ஒருநாள் சேற்றில் இறங்கினேன். நான் வரம்புக்கு வந்துவிட்டேன், கால் வரவில்லை. மச்சான் மண்வெட்டியோடு போய்த் தோண்டி எடுத்து வந்தான்.

வெட்டிய கால் வர வர மெலியும், கூடு தளரும். அதற்கு மேஸைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் இப்போது மூன்று மேஸ் போடுகிறேன், ஆனாலும் நடக்கும்போது உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். நாலாவது போட்டால் திரும்ப அச்செடுக்கப் போக வேண்டிய நேரம். அருவி வெட்டு முடியட்டும்.