அத்தையின் தோள்வலி: ஊரில் கிடைத்த சிகிச்சை

மெல்பர்னிலிருந்து இந்த முறை மன்னார்குடிக்குப் போனது அத்தையைப் பார்க்கத்தான். மார்பகப் புற்றுநோய் அவருக்கு இடுப்புக்கும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதிக்கும் பரவிவிட்டது. இனி குணமாகாது என்று அவருக்கும் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வலியில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த வலிக்காக ஊரில் ஏறி இறங்கிய இடங்களைப் பற்றி எழுதுகிறேன். இதே நிலையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

இடுப்புவலிக்கு ஏற்கெனவே கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்திருந்தார்கள். மார்பின் (morphine) என்ற வலி மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இடுப்பு ஓரளவு அடங்கியிருந்தது. நான் போனபோது அத்தை சொன்னது வேறு வலி. இடது கழுத்தில் ஆரம்பித்து, தோள்பட்டைக்கு ஏறி, காதுக்குப் பின்னால் போய் நெற்றிப்பொட்டில் குடைகிறது என்றார். "ராத்திரியில விண்ணு விண்ணுன்னு தெறிக்குது பாப்பா, தலையணையில தலை வைக்க முடியல."

நோய் கழுத்துக்கும் பரவிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். சுத்தமான இடம், கனிவான வரவேற்பு, உடம்பில் புற்று எங்கெங்கே இருக்கிறது என்று காட்டுகிற பெட் ஸ்கேனும் அன்றைக்கே ஆயிற்று. கழுத்திலோ தோளிலோ புதிதாக எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் திரையில் படத்தைப் பார்த்தார், ஃபைலைப் புரட்டினார், மார்பின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அத்தையின் தோளில் அவர் கை படவே இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாத குறை இதுதான். வலிக்கிற இடத்தை ஒருவர் விரலால் அழுத்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கூட்டிய மாத்திரை அத்தையைத் தூங்க வைத்தது, மலச்சிக்கலை அதிகமாக்கியது. கண் விழித்தால் தோள் அப்படியே வலித்தது. இதற்கிடையில் பக்கத்து வீட்டு அக்கா சுளுக்கு வழிக்கிற ஒருவரைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் எலும்பில் புற்று இறங்கிய உடம்பை முரட்டுத்தனமாக அழுத்தித் தேய்த்தால் எலும்பு முறியலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அப்புறம்தான் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கென்றே தனியாக இருக்கிற ஒரு பிரிவுக்குப் போனோம். வழி சொன்னவர் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தை, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை கொடுக்கிற திட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருவதும் அதில் அடக்கம்.

அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் ஃபைலைத் திறக்கவில்லை. ஒரு மனித உருவப் படத்தைக் கொடுத்து, "எங்கெங்க வலிக்குதோ நீங்களே கோடு போடுங்கம்மா" என்றார். அத்தை இடுப்பில் ஒன்றும் கழுத்திலிருந்து நெற்றிவரை ஒன்றுமாகப் போட்டார். இரண்டும் ஒரே மாதிரி வலியா, எப்போது கூடுகிறது, எப்படிப் படுப்பீர்கள், கட்டிலில் எழுந்து உட்காரும்போது எந்தக் கையை ஊன்றுவீர்கள் என்று கேள்விகள் தொடர்ந்தன.

அதன் பிறகு ஆபத்தான காரணங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார். முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தட்டினார். கால்களைத் தூக்கச் சொல்லிப் பலத்தைப் பார்த்தார், தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று பார்த்தார், சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று கேட்டார். இந்தப் பகுதியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பரவிய புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக முதுகுவலி வந்து, கால் தளர்ந்தாலோ மரத்தாலோ சிறுநீர் நின்றாலோ, முதுகுத் தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அது அவசர நிலை. அன்றைக்கே எம்ஆர்ஐ எடுத்துச் சிகிச்சை தொடங்காவிட்டால் நடை திரும்ப வராமலே போகலாம். அதை விலக்கிய பிறகுதான் தசையைப் பற்றிப் பேச வேண்டும்.

அத்தைக்கு அப்படி எதுவும் இல்லை. டாக்டர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மெதுவாக உருட்டினார். ஓரிடத்தில் நின்று அழுத்தினார். "ஐயோ, இதான், இதேதான்! நெத்திக்கு ஏறுது பாருங்க" என்று அத்தை கத்திவிட்டார். டாக்டர் என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் முறுக்கேறிய கயிறு போல ஒரு தசைப் பட்டை, அதன் நடுவில் ஒரு முடிச்சு. ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் இது தெரியாதாம். இறுகிய பட்டை, அழுத்தினால் வேறோர் இடத்துக்குப் பரவுகிற வலி, "என் வலி இதுதான்" என்று நோயாளியே அடையாளம் சொல்வது, இவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலியைக் கொண்டுபோகும் என்று உடம்பு முழுக்க வரைபடமாக்கியவர், அமெரிக்க அதிபர் கென்னடியின் முதுகுவலிக்குச் சிகிச்சை தந்த ஜேனட் டிராவல் என்ற மருத்துவர்.

முடிச்சு விழுந்த காரணத்தை அத்தையின் வாயாலேயே வரவழைத்தார்கள். அறுவை சிகிச்சை ஆன வலது பக்கத்தில் படுக்க முடியாது. அதனால் எந்நேரமும் இடது பக்கம், தலைக்கு மூன்று தலையணை. இடுப்பு வலிக்குமே என்று உடம்பையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசைவார், இடது கையை ஊன்றியே எழுவார். தூக்கம் கிடையாது. எங்களை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் தனியாகவும் பேசினார். மகன் வாங்கிய கடன், அடகில் இருக்கிற வீடு, சாகும்போது மூச்சுத் திணறுமோ என்ற பயம் என எங்களிடம் சொல்லாததை எல்லாம் அங்கே சொல்லி அழுதிருக்கிறார். இவ்வளவையும் சுமக்கிறவர் தன்னை அறியாமல் தோளைக் காதுவரை தூக்கி வைத்தபடியே கிடக்கிறார். தசை ஓய்வே எடுப்பதில்லை. லண்டனில் 1967-ல் கடைசிக்கால நோயாளிகளுக்காகச் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் கடைசிக்கால வலி என்று சொன்னதை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

ஆனால் டாக்டர் ஒருமுறைகூட "எல்லாம் மனசுதான்" என்று சொல்லவில்லை. உறவினர்கள் சிலர் சொல்கிறார்கள், தைரியமாக இருந்தால் வலி போய்விடும் என்று. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மன அழுத்தத்தால் வந்த தசைவலியும் நிஜமான வலிதான். விரலில் சிக்கியதை நானே தொட்டுப் பார்த்தேன்.

சிகிச்சை எளிமையாகத்தான் இருந்தது. கீமோ முடிந்த உடம்பு என்பதால் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, அந்த முடிச்சில் மெல்லிய ஊசியால் லிக்னோகெயின் என்ற மரத்துப்போக வைக்கிற மருந்தைப் போட்டார். தோளுக்குக் கீழே நுரையீரல் இருப்பதால் இதைப் பழகிய கைதான் செய்ய வேண்டும். அத்தை அங்கேயே கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். நெற்றிவலி விட்டிருந்தது. மார்பினை நிறுத்தவில்லை, இடுப்பெலும்பு வலிக்கு அது வேண்டும். கூட்டிய அளவை மட்டும் படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார், மலமிளக்கியும் சேர்த்து எழுதினார். தசை முடிச்சுக்கு மார்பின் அவ்வளவாகக் கேட்பதில்லை என்றும், எந்த வலிக்கு எந்த மருந்து என்று பிரிக்காமல் அளவை ஏற்றிக்கொண்டே போனால் மயக்கம்தான் மிஞ்சும் என்றும் விளக்கினார்.

வீட்டுக்கு வந்த பிசியோ தம்பி தலையணையை ஒன்றாக்கி, இடது கைக்கு அடியில் மடித்த போர்வை வைத்துக் காட்டினார். மிதமான சூட்டில் ஒத்தடம், கழுத்தைச் சாய்த்து மெதுவாக இழுத்துவிடுவது, மூச்சை நீளமாக விடும்போது தோளைத் தளர்த்துவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கரண்ட் வைத்த இடத்திலும் மரத்துப்போன இடத்திலும் ஒத்தடம் கூடாது என்றார். வலி மறுபடி எட்டிப் பார்க்கத்தான் செய்தது, ஆனால் அத்தை இரவில் தூங்கினார்.

குறை இல்லாமல் இல்லை. மெல்பர்னில் இப்படி ஒரு நோயாளி வீட்டில் இருந்தால் நள்ளிரவிலும் செவிலியரைப் போனில் கூப்பிடலாம். எங்கள் ஊரில் ராத்திரி வலி வந்தால் விடியும்வரை காத்திருந்தோம். மார்பின் எல்லாக் கடையிலும் கிடைக்காது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கிய பிறகும், அனுமதி பெற்ற மருத்துவமனைகளைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் சிறியதாகத் தொடங்கிய வலி நிவாரண வேலை, இன்றைக்குப் பஞ்சாயத்துதோறும் செவிலியர் வீட்டுக்கு வருகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. நமக்கும் அது வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்கள் புற்றுநோய் டாக்டரிடமே வலி நிவாரணப் பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு, அவர் எப்படிப் படுக்கிறார், எப்போது வலி கூடுகிறது, தூங்குகிறாரா என்று எழுதிய ஒரு தாளையும் கொண்டுபோங்கள். டாக்டர் தொட்டுப் பார்க்காமல் மருந்தை ஏற்றினால், "வலிக்கிற இடத்தை ஒருமுறை அழுத்திப் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள்.