சிஸ்கோ எக்ஸ்பிரஸ்வே: உள்ளிருந்து வெளியே தொடர்பு கொள்ளும் இரட்டைச் சர்வர்

கூட்ட அறைகளில் நிலையாகப் பொருத்தப்பட்ட காணொளிக் கருவிகள் நிறுவன வலையைக் காக்கும் தடுப்பான ஃபயர்வாலைத் தாண்டி வெளியாருடன் பேச வேண்டுமென்றால், சிஸ்கோ எக்ஸ்பிரஸ்வேயைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். ஆனால், எந்த அழைப்பு எங்கிருந்து வந்து எங்கே போகலாம் என்பதைத் தாளில் வரைந்து முடிக்காமல் இதன் அமைப்புப் பக்கங்களைத் திறப்பவரை இது படாதபாடு படுத்திவிடும். நார்வேயின் டேன்ட்பெர்க் நிறுவனத்தை 2010இல் சிஸ்கோ வாங்கியபோது கூடவே வந்த வீடியோ கம்யூனிகேஷன் சர்வரின் வழித்தோன்றல் இது.

இணையப் பக்கம் எளிதாகக் கடக்கும் ஃபயர்வாலில் காணொளி அழைப்பு சிக்கிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி, எச்.323 ஆகிய இரண்டு நெறிமுறைகளிலும் படமும் குரலும் எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு (எண்ணிட்ட வாயிலுக்கு) வர வேண்டும் என்ற விவரம் செய்தியின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் வேலையான நாட் (NAT) செய்யும் ரூட்டரோ பாக்கெட் எனும் தரவுத் துண்டின் மேலுறையை மட்டும் மாற்றுகிறது. அதனால் மணி அடிக்கும், அழைப்பும் இணையும், ஆனால் படம் வராது, அல்லது ஒருபுறக் குரல் மட்டும் கேட்கும்.

எக்ஸ்பிரஸ்வே இதை இரண்டு சர்வர்களால் தீர்க்கிறது. உள் வலையில் இருக்கும் எக்ஸ்பிரஸ்வே-சி (இனி சி), உள் வலைக்கும் இணையத்துக்கும் இடைப்பட்ட டிஎம்இசட் பகுதியில் இருக்கும் எக்ஸ்பிரஸ்வே-ஈயுடன் (இனி ஈ) தானே தொடர்பை ஏற்படுத்தி, இடைவிடாத சிறு செய்திகளால் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு ஏற்கெனவே திறந்திருக்கும் அந்தப் பாதையிலேயே உள்ளே வருகிறது என்பதால், உட்புற ஃபயர்வாலில் உள்நோக்கி ஒரு போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. இரண்டையும் இணைக்கும் இந்தப் பாதைக்கு டிராவர்சல் மண்டலம் என்று பெயர்; அப்படிப்பட்ட முதல் மண்டலத்தின் எஸ்ஐபிக்கு டிசிபி 7001, எச்.323க்கு யுடிபி 6001 என்பவை வழக்கமான போர்ட் எண்கள். எச்.323க்கான இதே வழிமுறைக்கு எச்.460.18, எச்.460.19 என்ற சர்வதேசத் தரநிலைகளும் உள்ளன. பிற நிறுவனங்களின் கருவிகளும் இதனுடன் ஒத்துப்போவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தச் சாதனத்தின் உண்மையான பலம், கருவிகளையும் இணைப்புகளையும் தொகுக்கும் மண்டலங்களில் இருக்கிறது. இதனிடம் தம்மைப் பதிவு செய்துகொள்ளும் கருவிகளை ஐபி முகவரி வரம்பின்படி துணை மண்டலங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக்கான பேண்ட்விட்த் (தரவு செல்லும் அளவு), மொத்த பேண்ட்விட்த், பதிவை அனுமதிப்பதா மறுப்பதா என்பதைத் தனித்தனியே வகுக்கலாம். எந்த விதியிலும் பொருந்தாத கருவி இயல்புத் துணை மண்டலத்தில் விழும்; அங்கே பதிவை மறுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. மண்டலங்களுக்கு இடையே அழைப்பை நகர்த்துபவை தேடல் விதிகள். சிறிய எண் கொண்ட விதி முதலில் பார்க்கப்படும். பலர் தடுமாறுவது இங்கேதான். உள்ளே கிடைக்காத எந்த முகவரியையும் ஈக்கு அனுப்பு என்று சியில் ஒரு விதியும், நம் டொமைன் முகவரிகளைச் சிக்கு அனுப்பு என்று ஈயில் ஒரு விதியும் எழுதிவிட்டால், தவறாக எழுத்துக்கூட்டிய ஒரு முகவரி இரண்டுக்கும் இடையே பந்தாடப்படத் தொடங்கும். ஹாப் எண்ணிக்கைக்கு, அதாவது கைமாறும் தடவைகளுக்கு, வரம்பு இருப்பதால் அது முடிவின்றிச் சுழலாது என்றாலும், சொந்த டொமைனை விலக்கும் வடிவத்தில் சியின் விதியை எழுதுவதே முறையான தீர்வு.

அதைவிடக் கவனம் தேவைப்படுவது ஈயின் இயல்பு மண்டலம். இணையத்திலிருந்து வரும் அறிமுகமற்ற அழைப்புகள் எல்லாம் இங்கேதான் வந்து சேர்கின்றன. எஸ்ஐபியின் வழக்கமான போர்ட்டான 5060ஐத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்களும் அவற்றில் அடக்கம். வெளி நிறுவனத்தாரிடம் நம் கடவுச்சொல்லைக் கேட்க முடியாது என்பதால் அந்த மண்டலத்தைத் திறந்தே வைக்க நேரும். ஆகவே வெளித் தொலைபேசி வலையுடன் இணைக்கும் கேட்வேக்குச் செல்லும் ஒவ்வொரு தேடல் விதியிலும் அங்கீகாரம் கட்டாயம் என்று குறித்துவிட வேண்டும். அதை விட்டால் நம் செலவில் யாரோ வெளிநாட்டுக்கு அழைப்பார்கள்.

ஈயில் இரண்டு வலை அட்டைகளைப் பயன்படுத்துவதையே நான் வலியுறுத்துவேன். ஒரே அட்டையும் நிலையான நாட்டும் என்றால், சி ஈயின் பொது முகவரிக்கே பேசியாக வேண்டும். அப்படி வெளி முகவரிக்குப் போய் உள்ளே திரும்பி வரும் போக்குவரத்தை எல்லா ஃபயர்வால்களும் ஏற்பதில்லை. வெளிப்புற ஃபயர்வாலில் எஸ்ஐபி, எச்.323 ஆய்வை அணைத்துவிட வேண்டும். முகவரியை எக்ஸ்பிரஸ்வே சரிசெய்தபின் ஃபயர்வாலும் அதைத் திருத்தினால் அழைப்பு கெடும். நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி இன்றி இரு சர்வர்களின் கடிகாரங்களும் விலகினால், சரியான கடவுச்சொல் கொடுத்தும் டிராவர்சல் மண்டலம் இணைய மறுக்கலாம்.

பிரவுசரில் மட்டுமே பேசும் சிறு அமைப்புக்கு இது தேவையில்லை. கோடர்ன் என்ற கட்டற்ற மென்பொருளை, படத்தையும் குரலையும் இடையில் நின்று கடத்தும் டர்ன் சர்வராக நிறுவினாலே போதும். பல கிளைகளும் பழைய எச்.323 கருவிகளும் உள்ள பல்கலைக்கழகம், மருத்துவமனை, அரசுத் துறை போன்றவற்றுக்கு எக்ஸ்பிரஸ்வே பொருந்தும். வாங்கியவர்கள் பராமரிப்புப் பகுதியிலுள்ள லொக்கேட் கருவியை முதலில் பழகிக்கொள்ள வேண்டும். அழைப்பே இல்லாமல், ஒரு முகவரி எந்த விதியில் பொருந்தி எந்த மண்டலத்துக்குப் போகிறது என்பதை அது படிப்படியாகக் காட்டிவிடுகிறது.