கிணற்றுத் தண்ணீரும் ஆய்வுப் பணமும்: வன்னிக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்?

வவுனியா வடக்கில் என் பெரியம்மா வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு ஓடுபோலத் தடித்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு ஆய்வுக் குழுவொன்று அந்த வளவுக் கிணற்றில் இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்து, மூடியில் இலக்கம் எழுதிக் கொண்டுபோனது. "தம்பி, அந்தத் தண்ணிக்கு என்ன முடிவு வந்தது?" என்று அவர் இன்றும் கேட்கிறார். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்து, பின்னர் வவுனியாக் கமக்காரக் குடும்பங்களிலும் காணப்பட்டது. இதற்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வெளிநாட்டுத் துணை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை எந்த ஏற்பாட்டில் பெறுவது என்பதையே இங்கு ஒப்பிடுகிறேன்.

முதலாவது, நாம் நன்கு அறிந்த வழி: பணம் செல்வந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும், அங்கிருந்து ஒரு பங்கு இங்கு வரும். நுண்ணிய அளவில் உலோகங்களை அளக்கும் கருவிகளும் பழகிய கைகளும் அங்கே இருப்பதால் முடிவு விரைவாகவும் நம்பகமாகவும் கிடைக்கும். ஆனால் கேள்வியை வகுப்பவர் அந்த வெளிநாட்டு ஆய்வாளர். இங்குள்ள விரிவுரையாளர் மாதிரி சேகரிப்பவராகச் சுருங்கிவிடுகிறார். இதனால் அறிவியலும் கெடுகிறது. ஐரோப்பியக் கோடை விடுமுறையான யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருகிற குழு, கிணறு வற்றி உப்புச் செறிந்த தண்ணீரை மட்டுமே காண்கிறது. மாரி மழையில் நீர்மட்டம் ஏறியபின் அதே கிணறு வேறு தண்ணீர் தருவதை அது காண்பதில்லை.

இரண்டாவது, நேரடி நிதி. கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி மையம் 1970 முதல் வளரும் நாட்டு ஆய்வாளர்களுக்கே நேரடியாகவும் நிதி வழங்கி வருகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள விவசாய பீடமோ, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவோ அத்தகைய நிதியைப் பெற்றால் மாதந்தோறும் கிணற்றடிக்குப் போய்வர முடியும். குறையும் உண்டு: கருவி பழுதானால் திருத்துநர் கொழும்பிலிருந்து வர வேண்டும், கொள்வனவு விதிகளில் மாதங்கள் கரையும், ஆய்வுக்கு நம் நாடு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதமே செலவிடுவதால், திட்டம் முடிந்தபின் தாங்கிப்பிடிக்க ஆளில்லை.

பேராதனையில் சீன உதவியுடன் எழுந்த நீர்த் தொழில்நுட்ப நிலையம் மூன்றாவது வழி. கட்டடமும் கருவியும் நாட்டிலேயே தங்குவது பெரிய இலாபம். வன்னிக்கு அது தூரத்து ஊர்தான்.

முதல் வழி இரண்டாவதாக மாறவும் கூடும். டாக்காவில் 1960 இல் அமெரிக்க ஆதரவுடன் தொடங்கிய வாந்திபேதி ஆய்வுகூடம், உப்புச் சர்க்கரைக் கரைசல் சிகிச்சையை நிறுவுவதில் பெரும் பங்காற்றி, 1978 இல் பங்களாதேஷின் சட்டத்தின்கீழ் சர்வதேச நிலையமானது. நாடுகளுக்கிடையிலான ஆய்வுக் கூட்டுறவுக்கென சுவிற்சர்லாந்து 2012 இல் வெளியிட்ட 11 கோட்பாடுகளில் முதலாவதும் ஆய்வு நிரலைச் சேர்ந்தே வகுப்பதுதான். ஆனாலும் கோட்பாட்டைவிட, மாதிரியை வைத்திருப்பவரின் பேரம் வலிது: 2007 இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரசு மாதிரிகளைக் கொடுக்க மறுத்ததன் தொடர்ச்சியாகவே, பயனையும் பகிரும் உலக சுகாதார அமைப்பின் ஏற்பாடு 2011 இல் பிறந்தது.

ஆகவே என் தெரிவு இரண்டாவது வழி. நம்மால் அளக்க முடியாதவற்றை மட்டும் வெளிநாட்டு ஆய்வுகூடத்திடம் கொடுக்கலாம். உடன்படிக்கையில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும்: ஒவ்வொரு மாதிரியிலும் பாதி இங்கேயே தங்க வேண்டும், போத்தல் மூடியில் எழுதும் இலக்கத்தை ஒரு துண்டிலும் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்து, அந்த இலக்கத்துக்குரிய முடிவைத் தமிழில் அவர் வாசலிலேயே சேர்ப்பிக்க வேண்டும்.