ஹீட் பம்ப் வாங்கப் போற கீழக்கரை ஆளுங்க, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நான் இருக்கிறது சார்ஜா, வீடு கீழக்கரை. வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் இருந்து வெந்நீரில்தான் குளிப்பாட்டணும். உம்மாவுக்கோ மூட்டுவலி. ஃபஜ்ருக்கு முன்னாடியே எழுந்து, அடுப்பில் பானை ஏற்றி, அதைத் தூக்கிக்கொண்டு குளியலறை வரை நடக்கிறாங்கன்னு தங்கச்சி சொன்னதும் மனசு கேட்கலை. அந்த நேரம் பார்த்து மச்சான் ஒரு டீலரோட கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தண்ணி சுட வைக்கிற 200 லிட்டர் ஹீட் பம்ப், "எல்லாம் சேர்த்து" 72,000.

பொருள் மேல எனக்குக் கோபம் இல்லை. ஏசி மாதிரியே கேஸும் கம்ப்ரஸரும் வைத்து, வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணிக்குக் கொடுக்கும். கீசருக்கு மூணு யூனிட் ஆகிற இடத்தில் இதுக்கு ஒண்ணு போதும். இது வரைக்கும் அந்த ஆள் சொன்னது உண்மை.

மெஷின் மாடிக்கு ஏறின பிறகுதான் "எல்லாம்" என்கிற வார்த்தைக்கு அர்த்தம் மாறிச்சு. ஸ்டாண்டு 6,500. பழைய பைப் சூடு தாங்காது, சிபிவிசி மாத்தணும், 14,800. தனி வயர், எம்சிபி (கரன்ட் மிஞ்சினா தானா விழுற சுவிட்ச்), எர்த் 9,200. பிரஷர் பம்ப் 11,000. மாடி ஏத்தின கூலி 3,000. "கமிஷனிங்" 4,500. அதாவது சுவிட்சைப் போட்டுக் காட்டுறதுக்கு. மொத்தம் 1,21,000. பாதி வேலையில் நிப்பாட்டவும் முடியலை, குளியலறைச் சுவரை உடைச்சுப் போட்டிருந்தாங்க. கேட்டதுக்கு, "பாய், கவர்மென்ட் மானியம் 78,000 வந்துரும், கவலைப்படாதீங்க"ன்னு ஆதார் நகலும் இபி பில்லும் வாங்கிட்டுப் போனார். அந்த 78,000 பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மாடியில் சோலார் பேனல் போட்டுக் கரன்ட் எடுக்கிறவங்களுக்கு, அதுவும் 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் போட்டா. ஹீட் பம்புக்கு அதில் ஒரு பைசா கிடையாது. நான் தேடிப் பார்த்தது பணம் கொடுத்த பிறகு.

பதினாலு மாசம் ஓடிச்சு. தண்ணி ஒரு நாளும் ஆறிப் போனதில்லை, அதனால யாருக்கும் சந்தேகம் வரலை. திடீர்னு ரெண்டு மாச இபி பில் 430 யூனிட்டில் இருந்து 700க்குப் போச்சு. 500ஐத் தாண்டினா கீழ்ப்படி யூனிட்டுக்கும் ரேட் ஏறிடும் இல்லையா, 1,400க்குள்ள கட்டின வீட்டில் 3,800. உம்மா ஃப்ரிட்ஜைத் திட்டினாங்க.

தங்கச்சி மகன் ஐடிஐ எலக்ட்ரீசியன். அவன் மாடி ஏறி வீடியோ கால் போட்டான். ஃபேன் சுத்தலை. ஆனா கரன்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரில் 8.6 ஆம்பியர். "மாமா, கம்ப்ரஸர் ஓடினா நாலுக்குள்ள இருக்கணும். இது உள்ள இருக்கிற பேக்கப் ஹீட்டர் கம்பி. இத்தனை நாளா கீசர்தான் ஓடியிருக்கு"ன்னான். காத்தில் இருந்து சூட்டை உறிஞ்சுற பின்பக்கக் காயிலில் விரலை வைத்தான். அலுமினியத் தகடு நனைஞ்ச அப்பளம் மாதிரி உதிர்ந்து, வெள்ளைப் பொடியா அவன் கையில் ஒட்டிச்சு. உப்புக்காத்து தின்னிருக்கு. கேஸ் எப்பவோ போயிடுச்சு.

டீலர் போனை எடுக்கலை. கம்பெனி ஆள் வந்தார். கிணத்துத் தண்ணியில் டிடிஎஸ் மீட்டரை விட்டார் (தண்ணியில் கரைஞ்ச உப்பை அளக்கிறது), 2,800. பிறகு வாரண்டி கார்டைத் திருப்பிக் காட்டினார். கடலில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வைத்தால் காயிலுக்கு வாரண்டி இல்லை, உப்புத் தண்ணி ஊத்தினால் டேங்குக்கும் இல்லை. கீழக்கரையில் விற்கிறவனுக்கு இது தெரியாதா? எங்க மாடியில் நின்னா படகுத்துறை தெரியும்! காயிலுக்கு எபாக்ஸி கோட்டிங் கொடுத்த மாடல் இருக்காம், டேங்குக்குள்ள அரிப்பைத் தன் மேல வாங்கிக்கிற மெக்னீசியம் கம்பி ஒண்ணு இருக்காம், அதை வருஷம் ஒரு தடவை பார்க்கணுமாம். எல்லாம் அன்னைக்குத்தான் கேள்விப்பட்டோம்.

இன்னொண்ணு, என் புத்தி மழுங்கின இடம். நம்ம ஊர்த் தண்ணி 28 டிகிரி. 200 லிட்டரை 50 டிகிரிக்கு ஏத்த கீசருக்கே அஞ்சு யூனிட்தான், ஹீட் பம்புக்கு ரெண்டுக்குள்ள. தினமும் மிச்சம் மூணு யூனிட், ஒரு இருபது ரூபாய். அதில் 1,21,000 திரும்பி வர பதினாறு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவும் 200 லிட்டரையும் தினம் காலி பண்ணினா. சித்திரை வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணியே கையைச் சுடுது, அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சுப் புகார் பதிஞ்சாச்சு. இப்போ ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் மனு. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டிடணும். எனக்கு இடிக்கிற இடம் பில். ஜிஎஸ்டி பில் கேட்டப்போ "பிறகு அனுப்புறேன்"னு சொல்லி, "எஸ்டிமேட்"னு தலைப்புப் போட்ட துண்டுச்சீட்டுதான் கொடுத்தாங்க. மச்சான் ஜிபேயில் போட்ட 80,000க்கு ஆதாரம் இருக்கு. கையில் கொடுத்த 41,000க்கு உம்மாவோட வாய்ச்சொல்தான். "எல்லாம் சேர்த்து"ன்னு அந்த ஆள் பேசின வாய்ஸ் மெசேஜை மச்சான் அழிக்காம வைத்திருந்தார், வக்கீல் அதைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கார்.

வாப்பாவுக்கு இப்போ 25 லிட்டர் சாதாரண கீசர், 9,800 ரூபாய். அதுக்கு மட்டும் லாரியில் வாங்குற நல்ல தண்ணி தனித் தொட்டியில். போன பெருநாளைக்கு அதே டீலர் நம்பரில் இருந்து எனக்கு மெசேஜ் வந்துச்சு: ஈத் முபாரக், ஸ்பெஷல் ஆஃபர், 200 லிட்டர் ஹீட் பம்ப், எல்லாம் சேர்த்து 69,000.